ஆடிச் சாரலில் பதிமூன்று கண் பாலம்

ஆரியங்காவு மலை ரயிலைப் படம் எடுக்க எந்த மாதம் வரலாம் என்று கேட்டு நம் டிராவல்ஸ் ஆபீசுக்குப் போன் வரும். வந்த உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற பிள்ளைகள் எல்லோரும் இந்த ஒரு இடத்தில்தான் வழுக்குகிறீர்கள். மாதங்களை வரிசையாகப் பாடம் படித்து வைத்துக்கொண்டு, கேட்டவர் மூச்சு விடுவதற்குள் ஒப்பித்துவிடுகிறீர்கள். அவருக்கு என்ன படம் வேண்டும் என்று முதலில் கேளுங்கள். பச்சை வேண்டுமா, மஞ்சு மூட்டம் வேண்டுமா, வெயிலில் ரயில் பளிச்சென்று தெரிய வேண்டுமா? அதைக் கேட்காமல் ஆவணி நல்லது, ஐப்பசி மோசம் என்று சொல்வதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

மாதக் கணக்கை நானும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறட்டும். மாசி, பங்குனியில் தேக்கெல்லாம் இலை உதிர்த்து நிற்கும். வெயில் நன்றாக இருக்கும், ஆனால் மலை காய்ந்து கிடக்கும். வைகாசி முடியும்போது இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடிக்கும். ஆனியும் ஆடியும் சாரல். குற்றாலத்துக் கூட்டம் அத்தனையும் தென்காசி ரோட்டில் நிற்கும், மலையில் ஏறினால் நம் கை நமக்குத் தெரியாது. ஆவணி, புரட்டாசியில் மழை விட்டு விட்டுப் பெய்யும், நடுவில் வெயில் அடிக்கும், மலை கழுவி வைத்தது மாதிரி இருக்கும். ஐப்பசி துலாமழையில் காலை நன்றாக இருக்கும், மத்தியானத்துக்கு மேல் இடி இடிக்கும், அதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும். கார்த்திகை தொடங்கித் தை பிறக்கிறவரை காலை மஞ்சு அருமையாக இருக்கும், ஆனால் சபரிமலைக்குப் போகிற வண்டிகளுக்கு நடுவில் நம் வண்டி நகராது. இவ்வளவுதான் சங்கதி. இதைத் தெரிந்துகொள்ள உங்களுக்கு நான் எதற்கு?

நான் இந்த வேலைக்கு வந்த விதம் வேறு. ஆபீசில் போன் எடுக்கத்தான் என்னைச் சேர்த்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியாகப் படம் எடுக்கிற பழக்கம் நம் ஊருக்கு வந்த புதிது. ஒரு நாள் ஒரு பெண்ணின் அம்மா வந்து மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். வண்டி ஏசியா, டிரைவர் குடிப்பாரா என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.

"வண்டியில பொம்பள ஆளு யாராவது போவியளா?" என்று கேட்டார்.

முதலாளி ஆபீசைச் சுற்றிப் பார்த்தார். ஆபீசில் இருந்த ஒரே பொம்பள ஆள் நான்தான். அன்றிலிருந்து ஓய்வு பெறுகிறவரை துணை போவதே என் வேலையாகிவிட்டது. பொறுப்பாளர் என்று பிற்பாடு ஒரு பேரும் கொடுத்தார்கள். நாகர்கோவிலில் வேறு எந்த வண்டிக்காரர்களிடமும் அப்போது இந்த ஏற்பாடு கிடையாது. அதனாலேயே நம்மிடம் வந்தார்கள்.

ஜோடிகளில் பெரும்பாலோர் சாரலில்தான் வருவார்கள். வெளியூர் ஆட்களுக்கு இது புரியாது. நம் பக்கத்தில் இந்துக் குடும்பங்களில் ஆடியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அந்தக் கணக்கு இல்லை, வளைகுடா லீவுக் கணக்குதான். அங்கே பள்ளிக்கூடம் பூட்டி, வேலை மந்தமாகி, எல்லோருக்கும் லீவு கிடைப்பது நம் ஆடி மாதத்தில். மாப்பிள்ளை வந்து இறங்குவார், மறுவாரம் கல்யாணம், இடையில் ஒரு நாள் மலை ரயில் பாலத்தில் படம். வருஷத்தில் எந்த நாளில் அந்தப் பாலம் கண்ணுக்கே தெரியாதோ அந்த நாளாகப் பார்த்துப் போவோம். வேறு ஊர்க்காரர்கள் யாரும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள்.

எனக்குத் தொழில் பழக்கிவிட்டது எங்கள் மூத்த டிரைவர். பூதப்பாண்டிக்காரர். பேரைச் சொன்னால் இப்போதும் கோபப்படுவார், அதனால் அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்கிறேன். சிரிக்கத் தெரியாத மனுஷன். வண்டியில் பாட்டுப் போட்டால் நிறுத்திவிடுவார். சாரல் காலத்தில் அவருக்கென்று சில சட்டங்கள் உண்டு. போன உடனே வண்டியை ஊர்ப்பக்கம் பார்த்துத் திருப்பி நிறுத்திவிடுவார். ஆளுக்கு ஒரு செட் உலர்ந்த துணி இல்லாமல் வண்டியை எடுக்க மாட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு மலையை விட்டு இறங்கியிருக்க வேண்டும். சொன்ன நேரத்துக்கு மேல் ஒரு நிமிஷம் நின்றாலும் வண்டியை ஸ்டார்ட் செய்து ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிடுவார். ஒரு தடவை வேளிமலையைச் சேர்ந்த ஒரு மாப்பிள்ளை ஹாரன் சத்தத்தில் பயந்து பொண்ணை விட்டுவிட்டு ஓடிவந்து வண்டியில் ஏறிக்கொண்டார். அந்தக் கதை இருக்கட்டும்.

ஜெனிஷா, அஜின் ஜோடியோடு போன நாளைத்தான் நான் சொல்ல வந்தேன். பொண்ணு நாகர்கோவில், பள்ளிக்கூடத்தில் டீச்சர். மாப்பிள்ளை கருங்கல் பக்கம், வேலை வளைகுடாவில். நிச்சயத்தன்று அரை நாள் பார்த்துக்கொண்டார்கள், அதற்குப் பிறகு எல்லாம் போனில்தான். கல்யாணத்துக்கு முந்தின வாரம் மாப்பிள்ளை வந்து இறங்கினார். இருவரும் ஒரு முழு நாளைச் சேர்ந்து கழிக்கப் போவது அதுதான் முதல் தடவை. கேமராக்காரத் தம்பி தக்கலைக்காரன். கெட்டிக்காரன், வாய் கொஞ்சம் நீளம்.

விடிவதற்கு முன் கிளம்பினோம். முன் சீட்டில் அண்ணாச்சிக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை. நடுவில் நானும் பொண்ணும். பின்னால் கேமராக்காரத் தம்பி பெட்டிகளோடு தூங்கிவிட்டான். ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டும்போது காற்று வண்டியைப் பிடித்துத் தள்ளியது. காற்றாடிகள் எல்லாம் வெறி பிடித்தது மாதிரி சுற்றிக்கொண்டிருந்தன. இங்கே காற்று இப்படி அடித்தால் மலையில் சாரல் உச்சத்தில் இருக்கும் என்று அர்த்தம். அண்ணாச்சி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

வள்ளியூர் தாண்டியதும் ஜெனிஷா என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "அக்கா, எனக்கு ஒரு பயம்" என்றாள்.

"மழையப் பாத்தா?"

"இல்லக்கா. அவிய போன்ல நல்லாத்தான் பேசுதாவ. கோவம் வந்தா எப்பிடி இருப்பாவன்னு எனக்குத் தெரியாது. போன்ல எல்லாரும் நல்லவங்கதானே. எனக்க அக்காவும் அப்பிடித்தான் நெனச்சுக் கெட்டிக்கிட்டா."

அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை, அவள் முகத்திலேயே தெரிந்தது. "இன்னைக்கு ஒரு நாள்தான்க்கா எனக்கு இருக்கு. பிடிக்கலன்னா வீட்டுல சொல்லிருவேன். ஓலை வாசிச்சாச்சு, இருந்தாலும் சொல்லிருவேன்" என்றாள். சர்ச்சில் மூன்று ஞாயிறு ஓலையில் பேர் வாசித்து, ஊர் முழுக்கத் தெரிந்த கல்யாணம். அதை நிறுத்துவேன் என்று ஒரு பிள்ளை சொல்வது சின்ன விஷயம் இல்லை. நான் போவது துணைக்கு. எதற்குத் துணை என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

தென்காசியில் வெயில். செங்கோட்டையிலும் வெயில். மாப்பிள்ளை திரும்பிப் பார்த்துச் சிரித்தார். புளியரை வளைவில் ஏறியதும் யாரோ திரையை இழுத்து விட்டது மாதிரி மழை. அந்த மலைக்கு இரண்டு பக்கமும் இரண்டு வானம். புதிதாகப் போகிறவர்கள் அந்த வெயிலை நம்பி ஏமாறாதீர்கள்.

ஆரியங்காவு தாண்டிக் கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம், கண் என்றால் வளைவு, ரோட்டோரத்திலிருந்தே தெரியும். அன்று முதல் மூன்று கண் தெரிந்தது, மீதி மஞ்சுக்குள் போய்விட்டது. அண்ணாச்சி வண்டியைத் திருப்பி நிறுத்தினார். ரயில் தாமதம் என்று கேமராக்காரத் தம்பி யாரிடமோ போனில் கேட்டுச் சொன்னான். ஜெனிஷா வண்டிக்குள்ளேயே திரைபோட்டு உடை மாற்றினாள். தரையில் புரளுகிற சிவப்புக் கவுன். அதன் வாலைத் தூக்கிப் பிடிக்கவே ஒரு ஆள் வேண்டும். ஈரம் ஏற ஏற அது கனத்துக்கொண்டே போனது.

காத்திருந்தோம். மழை குறைவதும் கூடுவதுமாக இருந்தது. காலையில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. நான் கொண்டுபோன நேந்திரம்பழ சிப்ஸும் தீர்ந்துவிட்டது. ஜெனிஷா குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். மாப்பிள்ளையோ பாலத்தைப் பார்ப்பதும் போனைப் பார்ப்பதுமாக நடந்துகொண்டிருந்தார். அவர் ஒரு தடவைகூடத் திரும்பி அவளைப் பார்க்கவில்லை. அவள் அதைக் கவனிக்கிறாள் என்பதை நான் கவனித்தேன்.

கேமராக்காரத் தம்பிக்குத் திடீரென்று ஒரு யோசனை. பாலத்துக்குக் கீழே ஆற்றில் ஒரு பாறை இருக்கிறது, ஜோடியை அதில் நிற்க வைத்தால் மஞ்சு மறைத்தாலும் தூண்களாவது வரும், ரயில் மேலே போகும்போது அண்ணாந்து எடுத்துவிடலாம் என்றான். மாப்பிள்ளை முகம் மலர்ந்துவிட்டது. இருவரும் இறங்கத் தயாரானார்கள்.

அண்ணாச்சி ஆற்றை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "பிள்ளே, வெள்ளம் கலங்குது. மேல எங்கயோ அடிச்சுப் பெய்யுது. எறங்கக் கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன். பொறுப்பு ஒனக்கு" என்றார். எப்போதும் எல்லோருக்கும் உத்தரவு போடுகிற மனுஷன், அந்த நேரம் பார்த்து என் தலையில் கட்டிவிட்டார்.

நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாறையில் யாரும் இறங்கக் கூடாது, ரோட்டிலிருந்து என்ன கிடைக்கிறதோ எடுத்தால் போதும் என்றேன்.

"நீங்க வண்டிக்குத்தான்க்கா பொறுப்பு. படத்துக்கு நான்" என்றான் கேமராக்காரத் தம்பி.

"ஆளுக்கும் நான்தான் பொறுப்பு. எறங்கக் கூடாது."

அப்போது மாப்பிள்ளைக்குக் கோபம் வந்தது. "அக்கா, எனக்க கூட்டுக்காரனுவ எல்லாருக்கும் இந்தப் படம் உண்டு. இனி எனக்கு எப்ப லீவு கிடைக்கும்னு தெரியாது. நீங்க துணைக்கு வந்த ஆளு. துணைக்கு நின்னாப் போரும்" என்றார்.

சுருக்கென்று குத்தியது. இத்தனை வருஷத்தில் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. அந்தப் பாறை அப்புறம் முங்கியதா என்று கேட்பீர்கள். முங்கவில்லை. நாங்கள் நின்ற நேரம் முழுக்க அது தண்ணீருக்கு மேலேதான் இருந்தது. அதற்காக நான் சொன்னது தப்பு என்று ஆகிவிடாது. கலங்கிய ஆற்றில் அடுத்தவர் வீட்டுப் பிள்ளையை இறக்க எனக்கு உரிமை கிடையாது. நாளைக்கு உங்களுக்கும் இப்படி ஒரு இடம் வரும். பிற்பாடு என்ன நடந்தது என்பதை வைத்து உங்களை எடை போடுவார்கள், போட்டுவிட்டுப் போகட்டும்.

மாப்பிள்ளை அப்படிச் சொன்னதும்தான் ஜெனிஷா வண்டியிலிருந்து இறங்கினாள். கவுனை இரண்டு கையாலும் வாரிப் பிடித்துக்கொண்டு, குடைகூட இல்லாமல், மழைக்குள் நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"வயசுல மூத்தவங்ககிட்டப் பேசுத பேச்சா அது? ஒனக்க அம்மைகிட்ட இப்பிடிப் பேசுவியா?"

அதுவரை நீங்க, வாங்க என்று பேசிய பிள்ளை.

"காலத்த எழும்பி, ஒண்ணும் தின்னாம, இந்தச் சவத்த உடுத்திட்டு வெறைச்சுப் போயி இருக்கேன். குளிருதா, பசிக்குதான்னு ஒரு வார்த்த கேட்டியா? அந்தப் பாலத்தப் பாத்த பார்வையில பாதி என்னயப் பாத்தியா? ஒனக்குப் பாலந்தான் பெருசுன்னா அந்தப் பாலத்தையே கெட்டிக்கோ. நான் வீட்டுக்குப் போறேன்."

சொல்லிக்கொண்டே அழுகிறாள். மழையும் கண்ணீருமாக மை முகம் முழுக்க வழிந்துவிட்டது. நான் அஜின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தானே அவள் விடியற்காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தாள். அவன் கையை ஓங்குவானா, கத்துவானா, காறித் துப்பிவிட்டுப் போவானா?

அந்த நேரத்தில் மஞ்சு விலகியது.

சாரலில் அப்படித்தான். காலை முழுக்கத் தவம் கிடந்தாலும் விலகாது, விலகினால் ஒரே வீச்சில் விலகிவிடும். ஜெனிஷாவுக்குப் பின்னால் பதிமூன்று கண்ணும் வரிசையாகத் தெரிந்தன. மேலே ரயில் வந்துகொண்டிருந்தது. மலைப்பாதையில் வருகிற மெதுவான ரயில். முன்னால் அந்தச் சிவப்புக் கவுன், நனைந்த முடி, ஆளைச் சுட்டுகிற விரல். கருங்கல் தூண்கள் கழுவிய மாதிரி மின்னின. எத்தனையோ வருஷம் அந்த ரோட்டில் நின்றிருக்கிறேன், அப்படி ஒரு காட்சியை அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

கேமராக்காரத் தம்பி பார்த்துவிட்டான். ஒரே பாய்ச்சலில் அஜினுக்குப் பக்கத்தில் வந்து நின்று கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்தான்.

அஜின் கையை நீட்டி லென்ஸை மூடினார்.

"வேண்டாம் ப்ரோ. அவ அழுதுட்டு நிக்கா."

அவளுக்குப் பின்னால் ரயில் வருவது அவருக்குத் தெரியவில்லை. அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மழை இரைச்சலிலும் ஆற்று இரைச்சலிலும் சத்தமும் காதில் விழவில்லை போல. கேமராக்காரத் தம்பி என்னைப் பார்த்தான். சொல்லுங்க, சொல்லுங்க என்று கண்ணாலேயே கெஞ்சினான். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், "அஜின், அவளுக்குப் பின்னால பாருங்க" என்று. அவர் இத்தனை தூரம் வந்தது அந்தப் படத்துக்கு. என்னை அவர் அவ்வளவு பேசியதும் அந்தப் படத்துக்காகத்தான். சொல்லியிருந்தால் கையை எடுத்திருப்பார், யார்தான் எடுக்க மாட்டார்கள்?

நான் சொல்லவில்லை. ரயில் முழுக்கக் கடந்து போகிறவரை நான் வாயைத் திறக்கவே இல்லை. கடைசிப் பெட்டி மறைந்ததும் மஞ்சு மறுபடி இறங்கிவிட்டது.

வந்தவர்களுக்குப் படம் கிடைக்க வழி செய்வதுதான் நம் வேலை. நான் அதைச் செய்யவில்லை. கேமராக்காரத் தம்பிக்கு இன்றும் என்மேல் வருத்தம் உண்டு. அவன் வருத்தத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அந்தக் கை தானாக நீண்ட கை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தப் பிள்ளை அதைப் பார்த்துவிட்டாள். என் ஒரு வார்த்தையால் அந்தக் கையை இறக்க எனக்கு மனசு வரவில்லை. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியாது.

அஜின் என் குடையை வாங்கிக்கொண்டு போய் அவளுக்குப் பிடித்தார். என்னைத் திரும்பிப் பார்த்து, "தப்பாப் பேசிட்டேன்க்கா" என்றார். பிறகு அவளிடம் சொன்னார்:

"நீ ஏசுனது நல்லதாப் போச்சு. நிச்சயம் முடிஞ்சதுலேருந்து நான் என்ன சொன்னாலும் செரி, செரி, செரி. ஒரு நாளு மாத்திப் பேசினதில்ல. வீட்டுல நிர்ப்பந்திச்சுத்தான் சம்மதிச்சாளோன்னு அங்க கெடந்து நான் பட்ட வெசனம் எனக்குத்தான் தெரியும்."

ஜெனிஷா மூக்கைத் துடைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "பின்ன, பிடிக்காமலா இந்த மழையில வந்து நிக்கேன்?" என்றாள்.

இருவரும் வண்டிக்குள் ஏறி நடு சீட்டில் உட்கார்ந்தார்கள். நான் முன்னால் போய்விட்டேன். அண்ணாச்சி துண்டை எடுத்துப் பின்னால் நீட்டினார். கேமராக்காரத் தம்பி தலையில் கை வைத்துக்கொண்டு ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருந்தான். வண்டிக்குள் அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். அவளுடைய அக்காவைப் பற்றி, அவருடைய ரூமில் இருக்கிற ஆட்களைப் பற்றி, சமையல் யார் செய்வது என்பதைப் பற்றி. ஒரு முறை அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. மத்தியானம் ஆகிவிட்டது. மலையை விட்டு இறங்க வேண்டிய நேரம். அண்ணாச்சி ஸ்டியரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார், சாவியைத் திருப்பவில்லை.

அஜினுக்குத் திடீரென்று நினைவு வந்துவிட்டது. ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, மஞ்சு மூடிக் கிடந்த பாலத்தை எட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இந்த டிரெயின் இன்னும் வரலியே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு முழு ரயில் அவர்களுக்கு மேலே போயிருக்கிறது, இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கேமராக்காரத் தம்பி கல்லிலிருந்து எழுந்து வாயைத் திறந்தான். அண்ணாச்சி அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் திரும்ப உட்கார்ந்துவிட்டான்.

"வந்தாச் சொல்லுகேன் மக்கா. நீங்க பேசிட்டு இருங்க" என்றார் அண்ணாச்சி.

அடுத்த ரயில் சாயங்காலம்தான் என்று அவருக்குத் தெரியும்.